நான் சரிசெய்ததாகச் சொன்ன பின்பால் மெஷின்

1

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில், முதல் மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் அக்கா கோமதியின் வீடு இங்கிருந்து நடந்தால் பத்து நிமிடம். என் மகள் இனியா மூன்று வாரமாக அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நான் மட்டும் இங்கே.

முந்தாநாள் காலையில் வந்து இறங்கியதும் லாட்ஜ் மேனேஜர் என் அமெரிக்க பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டுக்காரர் தங்கினால் தனியாக ஒரு படிவம் நிரப்பிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். அவருக்கு இதுதான் முதல் தடவை.

"சொந்த ஊரு எது அண்ணாச்சி?"

"இந்த ஊர்தான்."

"இங்கன சொந்தக்காரங்க யாரும் இருக்காங்களா?"

"அக்கா இருக்கா."

"உள்ளூர்லயா?"

"ஆமா."

பேனாவைக் கீழே வைத்தார். "பெறகு எதுக்கு அண்ணாச்சி லாட்ஜு?"

நான் படிவத்தை என் பக்கம் இழுத்தேன். படிவத்தில் இந்தியாவில் தொடர்புக்கு யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். சரிபார்க்கிறேன் என்று அவர் அப்போதே போன் போட்டார், ஸ்பீக்கரில். "ஒங்க தம்பின்னு ஒருத்தர் வந்திருக்காரு, ரூம் கேக்காரு" என்றார்.  அக்கா, "ஆமா, தம்பிதான். குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் வந்தது அத்தானின் அறுபதாம் கல்யாணத்துக்கு. அழைப்பிதழ் எனக்கு வரவில்லை. அத்தையையும் மாமாவையும் பார்க்க முன்னமே கிளம்பிய இனியா போகிறபோக்கில் சொல்லித்தான் தெரியும். அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "வரணும்னு தோணிச்சின்னா வா. நேரா மண்டபத்துக்கு வந்திரு. வீட்ல எடம் இல்ல" என்றாள். அந்த வீட்டில் நான்கு அறைகள் இருக்கின்றன.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுகிற குறிப்புகளில் பெரும்பாலும் அந்த நாடுதான் குற்றவாளி. பனி, தனிமை, இயந்திரம் போன்ற வாழ்க்கை என்று நானும் இரண்டொரு தடவை எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை நாட்டின் மேல் பழி போட ஒன்றுமில்லை. நான் செய்ததை எழுதுகிறேன்.

2

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள சிறு நகரத்தில் இருபத்து மூன்று வருடமாக இருக்கிறேன். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் மென்பொருள் வேலை. அங்கே மதியச் சாப்பாட்டு மேசையில் என் வயது ஆண்கள் பேசுவது அவரவர் வீட்டுக்கு அடியில், நிலத்துக்குள் இருக்கும் கீழ்த்தளத்தைப் பற்றித்தான். ஒருவர் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிறார். இன்னொருவர் மரப்படகு செய்கிறார். வாரக்கடைசியில் நீ என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டால், காய்கறி வாங்கியதையும் துணி துவைத்ததையும் சொல்வேன். தலையாட்டிவிட்டு மறுபடி படகுக்குப் போய்விடுவார்கள். எனக்கும் சொல்வதற்கு ஒரு கீழ்த்தளம் வேண்டும் என்று ஆகிவிட்டது.

கிரெக் என்கிற சக ஊழியரின் வீட்டில்தான் முதலில் பின்பால் மெஷினை விளையாடினேன். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆள் நீளத்துக்குச் சாய்வான ஒரு மேசை, மேலே கண்ணாடி மூடி. ஸ்பிரிங் கைப்பிடியை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு ஒன்று மேலே ஓடி, குமிழ்களில் மோதி, விளக்குகளை எரியவைத்துக்கொண்டு கீழே உருண்டு வரும். பக்கவாட்டில் பொத்தானை அழுத்தினால் இரண்டு துடுப்புகள் துள்ளி அதைத் திருப்பி அடிக்கும். தவறவிட்டால் குண்டு குழிக்குள் போய்விடும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெஷின்களில் சிப் கிடையாது, புரோகிராம் கிடையாது. எல்லாமே கம்பி சுற்றிய காயில், மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே, ஒரு சின்ன மோட்டார், கட்டுக்கட்டாக ஒயர். உள்ளே திறந்து பார்த்தால் ஒரு தறிக்கூடத்தைப் பெட்டிக்குள் அடைத்ததுபோல் இருக்கும்.

முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு இணையத்தில் எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் விளக்காவது எரிகிற மெஷினாக வாங்கு. நான் வாங்கியது எதுவுமே எரியாத மெஷின். மலிவாகக் கிடைத்தது.

விற்றவர் எண்பதை நெருங்கும் ஒரு விதவை. பெயர் ஹெலன். கீழ்த்தளத்துக்கு என்னுடன் படியிறங்கவே அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. மெஷினின் முகப்புக் கண்ணாடியில் குதிரைமேல் நிற்கும் ஒரு சர்க்கஸ்காரியின் படம். கணவர் அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே இறந்துபோனாராம். உள்ளே ஒவ்வொரு ஒயரிலும் நூலால் ஒரு காகிதத் துண்டு கட்டி, பென்சிலால் குட்டிக்குட்டியாக எழுதிவைத்திருந்தார். ஹெலன் அந்தக் காகிதங்களைத் தொட்டுக்கொண்டே இருந்தார். நான் உள்ளே இருந்த எலிக்கூட்டைக் காட்டினேன். உரிந்த பெயின்ட்டைக் காட்டினேன். இதை எடுத்துக்கொண்டு போவதே உங்களுக்கு உதவிதான் என்று சொல்லி விலையைப் பாதியாக்கினேன். சம்மதித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "இந்தக் காகிதங்கள் அப்படியே இருக்கட்டும், சரியா?"

சரி என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கே எல்லாவற்றையும் கத்தரித்து எறிந்தேன். ஆபீசில் காட்ட போட்டோ எடுத்தபோது அசிங்கமாகத் தெரிந்தது. எந்த ஒயர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் அந்த மனிதர் எழுதிவைத்திருந்தார் என்பது, எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

3

அத்தானின் பெயர் சங்கரபாண்டி. முதலில் தறி மெக்கானிக். பிறகு திருவேங்கடம் ரோட்டில் சொந்தமாக ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பதுதான் தொழில். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள் பாதி அவர் கை பட்டவை. அக்காவை அவர் கட்டியபோது எனக்குப் பதினான்கு வயது.

அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. அத்தான் ஓர் இரும்பாணியில் கம்பி சுற்றி மின்சார மணி ஒன்று செய்து கொடுத்தார். மாவட்ட அளவில் பரிசு வாங்கினேன். கம்பி யார் சுற்றியது என்று நடுவர் கேட்டபோது நான்தான் என்றேன். வாசலில் சைக்கிளுடன் நின்றிருந்த அத்தானிடம் அதைச் சொன்னதும் சிரித்தார். கடைத்தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் "மாப்ளயே செஞ்சான்" என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். சின்னப் பையனுக்கு அவர் செய்த மரியாதை அது. எனக்கோ அது பழகிவிட்டது.

பிரித்துப் போட்ட மெஷினை வீடியோ காலில் அவருக்குக் காட்டினேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நான் கீழ்த்தளத்தில் இறங்கும்போது அவருக்கு விடிகிற நேரம். பல்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே பார்ப்பார்.

"கேமராவ இன்னும் கிட்டக் கொண்டு போ. துடுப்புக்கு அடியில இருக்க அந்தக் காயில்ல எத்தன கம்பி வெளிய வருது?"

"மூணு."

"அப்ப ரெண்டு சுத்து மாப்ள. தடிச்ச கம்பி அடிக்கதுக்கு, மெலிஞ்ச கம்பி பிடிச்சு நிக்கதுக்கு. எவனோ வெவரமான ஆளு செஞ்சிருக்கான்."

இரண்டு மாதம் அவர் வாயால் சொன்னார், நான் கையால் கெடுத்தேன். கடைசியில் அவரையே வரவழைத்துவிடலாம் என்று தோன்றியது. "ஊரச் சுத்திப் பாக்க வாங்க அத்தான்" என்று கூப்பிட்டேன். அக்காவைக் கூப்பிடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து போனால் விசா மறுத்துவிடுவார்கள் என்று காரணம் சொன்னேன். உண்மையில், என் மனைவி சுதா வீட்டில் ஒருவருக்கு மேல் வேண்டாம் என்றிருந்தாள். நான் அவளிடம் மறுத்துப் பேசவில்லை. எனக்குத் தேவையும் ஒருவர்தான்.

விசா வந்ததும் அத்தான் படம் பிடித்து அனுப்பிக் கேட்டார். "எம் பேருக்கு முன்னால எஃப்.என்.யு.ன்னு போட்டிருக்கானே, அது என்ன பட்டமா?"

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அப்படித்தான் அச்சடிப்பார்கள். "முதல் பேரு தெரியாதவருன்னு அர்த்தம் அத்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "பேருதான் இருக்கே, சங்கரபாண்டின்னு" என்றார்.

விமான நிலையத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாரம் சொல்லிக் கொடுத்திருந்தேன். "டூரிஸ்ட். சைட் சீயிங்." அவ்வளவுதான். அதிகாரி வந்த காரணம் கேட்டதும் அவர் சொன்னது, "மெஷின் ரிப்பேர்."

தனியறையில் உட்காரவைத்துவிட்டார்கள். பெட்டியைத் திறந்தால் ஸ்பேனர் செட், இன்சுலேஷன் பேப்பர், மூன்று உருளை செம்புக் கம்பி. எல்லாம் நான் கொண்டுவரச் சொன்னவை. போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்களாம். அவர் "தாங்கள் எந்நோக்கத்தில் வருகை புரிந்துள்ளீர்கள்" என்று கேட்டிருக்கிறார். இவருக்குப் பாதி புரியவில்லை. ஐந்து மணி நேரம். எனக்கும் போன் வந்தது. இவர் உங்களுக்கு வேலை செய்ய வருகிறாரா என்று கேட்டார்கள். இல்லவே இல்லை, அவருக்கு அது பொழுதுபோக்கு என்றேன்.

வெளியே வந்தவரின் வேட்டி கசங்கியிருந்தது. தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் வைத்து நான் கத்தினேன். "ரெண்டு வார்த்த அத்தான்! ரெண்டே ரெண்டு வார்த்த சொல்லத் தெரியாதா ஒங்களுக்கு?"

"போலீஸ்காரன் மாதிரி நின்னு கேக்கான் மாப்ள. பொய் சொல்ல வரல" என்றார்.

4

கீழ்த்தளத்தில் மெஷினுக்குப் பக்கத்திலேயே அவருக்கு மடக்குக் கட்டில் போட்டோம். மேலே ஓர் அறை சும்மாதான் கிடந்தது. சுதா அதில் அவளுடைய உடற்பயிற்சிச் சாமான்களை வைத்திருந்தாள். பின்பக்க மரத்தளத்தில் அவர் வேட்டியைக் காயப்போட்டதற்கு இரண்டாம் நாளே, வெளியே துணி காயப்போடக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அதை அவரிடம் நான்தான் படித்துக் காட்டினேன். அதன்பிறகு பாய்லர் குழாயின் மேல் விரித்துக் காயவைத்துக்கொண்டார்.

காலையில் நான் ஆபீஸ் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் வேலை ஒரு முழம் நகர்ந்திருக்கும். நான் அறுத்தெறிந்த குறிப்புகளை அவர் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். மேசை அளவு சர்க்யூட் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்து, சிவப்பு மையால் கோடு போடுவார். அறுபத்தேழு ரிலே. ஒவ்வொன்றிலும் தகடுகள் தொட்டுக்கொள்ளும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார். எரிந்த காயில்களைக் கையாலேயே சுற்றினார், சுற்றை வாய்விட்டு எண்ணிக்கொண்டு. நடுவில் யாராவது கூப்பிட்டால் பதில் வராது.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில், பழைய நெசவாலை ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நூறு வருடத் தறிகள் இன்னும் ஓடுகின்றன. இனியா அதன் படத்தைப் போனில் அவருக்குக் காட்டியிருக்கிறாள்.

"அத ஒருக்கா பாத்துட்டு வந்துருவமா மாப்ள? தறி எல்லாம் ஒரே நேரத்துல ஓடுதாம்லா."

"மெஷின் முடியட்டும் அத்தான்" என்றேன். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னேன். மொத்தம் ஏழு சனிக்கிழமைகள். எல்லாவற்றையும் கீழ்த்தளத்திலேயே கழித்தோம். எட்டாவது வாரம் அவரே கேட்பதை விட்டுவிட்டார்.

இனியாவுக்கு அப்போது பதினேழு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை ஒன்பது வயதில் உதறியவள். என்னிடம் ஆங்கிலத்தில்கூட இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவள். அவள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கீழே போக ஆரம்பித்தாள். படியில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்வாள். ஒரு மாதத்தில் "மாமா, காப்பி கொண்டுட்டு வாரேன்", "இங்கன வைக்கேன்" என்றாள். கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். "இந்தப் பட்டிக்காட்டுத் தமிழ வெளிய பேசிராத" என்றுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் காயிலை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவர் திரும்பிப் போக ஐந்து நாள் இருக்கும்போது மெஷின் உயிர் பெற்றது. சுவிட்சைப் போட்டதும் சர்க்கஸ்காரியின் பின்னால் விளக்குகள் எரிந்தன. ஆட்டத்தின் புள்ளிகளைக் காட்டும் எண் உருளைகள் தடதடவென்று சுழன்று பூஜ்யத்துக்கு வந்து நின்றன. அத்தான் ஸ்பிரிங் கைப்பிடியை இழுக்கவில்லை. "மொதல்ல நீ ஆடு" என்று தள்ளி நின்றார்.

5

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ்காரர்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். குடும்பங்களோடு பதினெட்டுப் பேர் வந்தார்கள். அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, கீழ்த்தளத்தில் மெஷின் அருகே நின்றிருந்தார். அவர் கையில் சுதா ஒரு தட்டு வடையைக் கொடுத்துவிட்டாள். வந்தவர்களெல்லாம் வடையை எடுத்துக்கொண்டு, நன்றி என்று சொல்லிவிட்டு மெஷினைப் பார்க்கத் திரும்பினார்கள்.

எவ்வளவு நாள் ஆனது என்று கிரெக் கேட்டார். ஒன்றரை வருடம் என்றேன். காயில் எங்கே வாங்கினாய் என்றார். வாங்கவில்லை, நானே சுற்றினேன் என்றேன். மரப்படகுக்காரர் விசிலடித்தார். அத்தனை வருடத்தில் அந்தச் சாப்பாட்டு மேசைக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றது அன்றைக்குத்தான்.

"இவருக்கும் இந்த வேலை தெரியுமா?" என்று அத்தானைக் காட்டி ஒரு பெண் கேட்டாள்.

"இல்லை. என் அக்காவின் கணவர். சுற்றிப்பார்க்க வந்திருக்கிறார். இதெல்லாம் அவருக்குப் புரியாது" என்றேன்.

சுற்றுலா விசாவில் வந்தவர் வேலை செய்தார் என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று பிற்பாடு சுதாவிடம் விளக்கினேன். எனக்கே அதைப் பலமுறை சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் விசா என் நினைப்பிலேயே இல்லை.

அத்தானுக்கு ஆங்கிலம் பேச வராது. கேட்டால் பாதி புரியும். கடைக்கு வரும் மோட்டார்களின் பெயர்ப்பலகையை முப்பது வருடம் படித்தவர். அவர் வடைத்தட்டை இடது கைக்கு மாற்றினார். அவ்வளவுதான்.

கிரெக் ஆட்டத்தைத் தொடங்கப் பொத்தானை அழுத்தினார். உருளைகள் பூஜ்யத்துக்கு வந்தபிறகும் உள்ளே இருந்த மோட்டார் நிற்கவில்லை. கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. குண்டு வெளியே வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூடியைத் திறந்தேன். அந்த அறுபத்தேழு ரிலேயில் எதை எங்கே தொட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அத்தான் தட்டைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "ஒண்ணுமில்ல மாப்ள, ஒரு பாயின்ட்டு ஒட்டியிருக்கு" என்று குனிந்தார்.

நான் சிரித்த முகத்தை மாற்றாமல், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "அத்தான், நீங்க மேல போங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போங்கன்னேன்லா."

ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியேறிப் போனார். ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். இனியா படியின் பாதியில் நின்றிருந்தாள். அவர் அவளைத் தாண்டிப் போன பிறகும் அவள் அங்கேயே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிளக்கைப் பிடுங்கினேன். "வயதான மெஷின், ஓய்வு கேட்கிறது" என்று ஏதோ சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் அத்தானைக் கீழ்த்தளத்தில் பார்த்தேன். மெஷினின் மூடியைச் சாத்திக்கொண்டிருந்தார். "இப்ப ஓடும்" என்றார். அதற்குமேல் அவர் ஊருக்குப் போகும் வரை, சாப்பிடக் கூப்பிட்டால் வருவது தவிர என்னோடு பேச்சு இல்லை. விமான நிலையத்துக்கு நான் வண்டி எடுக்கப் போனபோது, இனியா ஏற்கெனவே சாவியை எடுத்துவிட்டிருந்தாள்.

"நானே கொண்டு விட்டுட்டு வாரேன்" என்றாள். அவள் என்னிடம் தமிழில் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

6

மெஷின் ஐந்து மாதம் ஓடியது. ஜனவரியில் ஒருநாள் இடது துடுப்பு தொங்கிவிட்டது. சங்கரன்கோவிலுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தாள்.

"அத்தான் இல்லையா?"

"இருக்காவ."

"குடேன்."

"ஒனக்கு என்ன வேணும்? அத எங்கிட்டச் சொல்லு."

துடுப்பைப் பற்றி அவளிடம் சொன்னேன். அத்தான் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்பதும், அவர் ஏதோ சொல்வதும் மங்கலாகக் கேட்டது. "அந்த மெஷின அவுகளுக்குத் தெரியாதாம்" என்றாள். பிறகு அவளாகவே கேட்டாள். "ஒங் கூட்டாளிக முன்னால அவுகள மாடிக்குப் போச் சொன்னியாமே? எங்கிட்ட இவுக சொல்லல. ஒம் மகதான் சொல்லி அழுதா. எம் புருசன் ஒனக்கு என்னல கொற வச்சாரு?"

வைத்துவிட்டாள்.

ரோஷத்தில் நானே மூடியைத் திறந்தேன். துடுப்புக்கு அடியில் ஒரு தகட்டைப் பார்த்தேன். அது வளைந்திருப்பதாக நினைத்து நிமிர்த்தினேன். துடுப்பு அடித்து முடித்ததும் தடித்த கம்பிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கத்தான் அந்தத் தகடு வளைந்திருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். துடுப்பு மேலே எழும்பி அப்படியே நின்றது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துச் சுதாவைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் உள்ளேயிருந்து புகை வந்தது. ஒரு காயில் எரிந்து, பக்கத்து ஒயர்க்கட்டைப் பிடித்து, சர்க்கஸ்காரியின் கால்வரை கருகியது. தீயணைப்பு வண்டி வந்து நுரை அடித்தது. மெஷினைக் குப்பைக்காரர்கள் வந்து தூக்கிப் போனார்கள்.

இனியா தன் அறையிலிருந்து இறங்கி வந்து, ஒயர் கருகிய வாடையில் சற்று நேரம் நின்றாள். "மாமா சுத்துன கம்பி" என்று மட்டும் சொன்னாள். மார்ச்சில் அவளுக்குப் பதினெட்டு ஆனது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவளாக டிக்கெட் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

கம்பெனியில் கிரெக் இப்போதும் அடிக்கடி கேட்கிறார், அடுத்த மெஷின் எப்போது என்று.

7

நேற்று காலை மண்டபத்துக்குப் போனேன். அறுபதாம் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பட்டுச்சேலையை உடன்பிறந்தவன்தான் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு நான் ஒருவன்தான் தம்பி. பாஸ்டனிலிருந்து கிளம்பும்போதே போனில் சொல்லி, தென்காசியில் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியும் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் பையோடு மேடைக்குக் கீழே நின்றேன்.

ஐயர் கேட்டார். "பொண்ணோட சகோதரர் யாரு? வாங்கோ."

நான் ஓரடி எடுத்து வைத்தேன். அக்கா மேடையிலிருந்து என் பக்கம் பார்க்காமலே கூப்பிட்டாள். "ஏ முத்தையா, வா."

பனவடலிசத்திரத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் முத்தையா தாம்பாளத்தோடு ஏறினான். என்னைக் கடக்கும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டான். சேலையைக் கொடுத்தான். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் பக்கத்தில் இனியா பட்டுப்பாவாடை கட்டி, பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் என் கையிலிருந்த பையைப் பார்த்தார்கள். நான் அதை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

தாலி கட்டி முடிந்தது. ஆட்கள் வரிசையில் போய் இருவர் காலிலும் விழுந்து எழுந்தார்கள். நானும் விழுந்தேன். அத்தான் திருநீறு பூசிவிட்டார். அக்கா அந்த நேரம் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அத்தான் மாலையைக் கழற்றிவிட்டு, ஒவ்வோர் இலையாக விசாரித்துக்கொண்டு வந்தார். என் முன்னால் வந்து நின்றார்.

"சாப்ட்டியா மாப்ள? கூட்டு வச்சாங்களா?"

"அத்தான்" என்றேன். அடுத்த இலையில் ஆள் இல்லை. "அன்னைக்கு நான் பேசுனது தப்பு. எல்லாம் நீங்க செஞ்சது. நான் பொய் சொன்னேன். ஒங்கள மேல போச் சொன்னேன். என்ன மன்னிச்சிருங்க."

"தெரியும்" என்றார்.

"மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அத்தான். அதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

அவர் எனக்கு எதிரே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எரிந்த மோட்டாரை யாராவது கொண்டுவந்து வைத்தால், இதைச் சுற்றலாமா வேண்டாமா என்று பார்ப்பார் இல்லையா, அப்படிப் பார்த்தார்.

"சொன்னா நீ என்ன செய்வ? நிம்மதியாப் பிளேன் ஏறிருவ. அங்க போயி நாலு பேர்ட்ட, எங்க அத்தான் தங்கமான மனுசன், நான் கேட்டேன், ஒடனே மன்னிச்சிட்டாருன்னு சொல்லுவ. அதுவும் ஒனக்கு ஒரு பேராப் போயிரும்."

"அப்படி இல்ல அத்தான்."

"எனக்கு ஒம் மேல கோவம் ஒண்ணுமில்ல. ஒனக்கு ஒரு ஆபத்துன்னா நான் வருவேன். ஒம் மகளுக்கு ஒண்ணுன்னா ஒன்னய விட முன்னால வருவேன். ஆனா நீ கேக்கத சொல்ல மாட்டேன் மாப்ள. இன்னைக்குன்னு இல்ல, எப்பவும் சொல்ல மாட்டேன். செஞ்சத நீயே வச்சுக்கிட்டு இரு."

எழுந்தார். என் இலையைப் பார்த்தார். பரிமாறுகிற பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார். "ஏல, இங்கன பாயசம் வரல பாரு. வெளியூர்ல இருந்து வந்திருக்காரு, நல்லா ஊத்து."

பாயசம் வந்தது. இலை வழிய ஊற்றினார்கள். நான் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்து, வழித்து வழித்துச் சாப்பிட்டேன். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடிக்கும்வரை அத்தான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.